இன்னொருக்கா எடுக்கிறதா?

உயர்தரப் பெறுபேற்றைத் தொலைபேசியில் திறந்ததும் வீட்டார் தேடுவது எழுத்துகளைத்தான். உயிரியல் சி, இரசாயனவியல் எஸ், பௌதிகவியல் எஸ். உம்மா ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குப் போய்விடுகிறார். கட்டாரில் இருக்கும் வாப்பா அரை மணித்தியாலத்துக்குள் வட்சப்பில் குரல் அனுப்புகிறார்: “கவலப்படாதீங்க மகள், இன்னொருக்கா எடுங்க.” பின்னேரம் வரும் மாமி வேறொரு வீட்டுப் பிள்ளைக்கு மூன்று பி வந்த கதையைச் சொல்லிவிட்டு, “நம்மட புள்ளைக்கும் மூள இருக்குத்தானே, எடுக்கட்டும்” என்று முடிக்கிறார். ஒரு வருடத்தின் முடிவு ஒரே நாளில் தீர்ந்துவிட்டது. தாளின் அடியில் நான்கு தசம தானத்தில் இருக்கும் இசட் புள்ளியையும், அதோடு வழமையாக வரும் மாவட்ட நிலை, தீவு நிலை என்ற இரண்டு இலக்கங்களையும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுபடி எழுதுவதா விடுவதா என்பதற்கான பதில் பெரும்பாலும் அந்த இலக்கங்களில்தான் இருக்கிறது. திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவில் நாம் இதை மானத்தின் கேள்வியாக ஆக்கி வைத்திருக்கிறோம். உண்மையில் இது கணக்கு.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். பிள்ளைகள் ‘செகண்ட் ஷை’ என்று சொல்லும் இரண்டாம் தடவையில் வெட்கப்பட எதுவுமில்லை. 2024 உயர்தரத்துக்கு விண்ணப்பித்த சுமார் 3 இலட்சத்து 33 ஆயிரம் பேரில் ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் தனியார் பரீட்சார்த்திகள். அவர்களில் பெருந்தொகையானோர் ஏற்கெனவே ஒரு தடவை மண்டபத்தில் இருந்து எழுந்து வந்தவர்கள். மருத்துவ பீடத்திலும் பொறியியல் பீடத்திலும் போய்க் கேட்டுப் பாருங்கள், முதல் தடவையிலேயே வந்தவர்களோடு இரண்டாம், மூன்றாம் தடவையில் வந்தவர்களும் கணிசமாக இருப்பார்கள்.

ஆனால் இன்னொரு சொல் எங்களை ஏமாற்றுகிறது. ‘பல்கலைக்கழகத் தகுதி பெற்றார்’ என்று பாடசாலைகள் முகநூலில் போடும் வாழ்த்துப் படங்களைப் பார்க்கிறோம். மூன்று பாடங்களிலும் ஒரே தடவையில் எஸ் எடுத்து, பொதுச் சாதாரண பரீட்சையில் 30 புள்ளி எடுத்தால் அந்தத் தகுதி வந்துவிடும். 2024 பரீட்சையில் அப்படித் தகுதி பெற்றவர்கள் 1 இலட்சத்து 77 ஆயிரத்துக்கு மேல். அரச பல்கலைக்கழகங்கள் ஒரு வருடத்துக்கு எடுப்பதோ 40 ஆயிரத்துச் சொச்சம். தகுதி பெற்ற நான்கு பேரில் ஒருவருக்குத்தான் இடம். மற்ற மூன்று பேரின் வீட்டிலும் ‘இன்னொருக்கா எடுக்கிறதா’ என்ற பேச்சு எழும்.

இனிக் கணக்குக்கு வருவோம்.

கலைப் பிரிவைத் தவிர்த்த பெரும்பாலான பாடநெறிகளுக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இடங்களைப் பிரிக்கும் முறை இது: 40 சதவீதம் தீவளாவிய திறமைக்கு, 55 சதவீதம் சனத்தொகை விகிதப்படி 25 மாவட்டங்களுக்கும், மீதி 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவை என வகுக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. திருகோணமலை அந்தப் பதினாறில் ஒன்று. 2012 குடிசன மதிப்பீட்டில் எங்கள் மாவட்டத்தில் சுமார் 3 இலட்சத்து 80 ஆயிரம் பேர், நாடு முழுவதும் 2 கோடியே 3 இலட்சம் பேர். நூற்றுக்கு இரண்டுக்கும் கொஞ்சம் குறைவு. ஒரு பாடநெறிக்கு நாட்டில் 1,000 இடம் இருப்பதாக வைத்துக்கொண்டு பெருக்கிப் பாருங்கள். மாவட்டங்களுக்குப் போகும் 550 இடங்களில் திருகோணமலைக்குப் பத்து வரும். பின்தங்கிய மாவட்டங்களுக்கான 50இல் இன்னும் இரண்டு சேரலாம். ஆக, ஏறத்தாழ 12. தீவளாவிய திறமையில் தானாகப் போய்விடுபவர்களைக் கழித்த பிறகு, மூதூர், தோப்பூர், கந்தளாய், திருகோணமலை நகரம், கிண்ணியா எல்லாம் சேர்ந்து அந்தப் பன்னிரண்டுக்குத்தான் போட்டி போடுகின்றன.

அதனால்தான் தீவு நிலையைப் பார்த்து அழுவதில் அர்த்தமில்லை. தீவில் ஐயாயிரத்துச் சொச்சம் என்று வந்த பிள்ளை மாவட்டத்தில் இருபதாவதாக இருக்கலாம். அனுமதிக் கோடு பன்னிரண்டில் விழுந்திருந்தால், அந்தப் பிள்ளை எட்டுப் பேரைத் தாண்டினால் போதும். ஐயாயிரம் பேரைத் தாண்ட வேண்டியதில்லை. அப்படிப்பட்ட பிள்ளை மறுபடி எழுதத்தான் வேண்டும். மாவட்டத்தில் நூற்று எண்பதாவதாக வந்த பிள்ளைக்கு அதே வீட்டில், அதே வகுப்பில், அதே டியூட்டரியில் இன்னொரு வருடம் என்பது வேறு கதை. இரண்டு பேருக்கும் மாமி சொல்லும் புத்திமதி ஒன்றாகவே இருக்கிறது என்பதுதான் சிக்கல்.

இந்த மாவட்ட ஒதுக்கீட்டுக்குப் பின்னால் ஒரு கசப்பான வரலாறு இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தலும் அதைத் தொடர்ந்த மாவட்ட ஒதுக்கீடும் யாழ்ப்பாணத்து மாணவர்களின் வாசலை அடைத்தன. அந்தக் காயம் நாட்டின் அரசியலையே மாற்றியது. அதே ஒதுக்கீடுதான் ஆய்வுகூடமும் ஆசிரியரும் குறைந்த கிழக்கின் பல ஊர்களுக்கு ஒரு கதவைத் திறந்தது. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லும்போது மற்றதை மறைப்பது நேர்மையாகாது.

கலைப் பிரிவுப் பிள்ளைகளுக்கு மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. கலைப் பாடநெறிக்கு மாவட்ட ஒதுக்கீடு இல்லை; தீவளாவிய திறமைதான் அடிப்படை. கிண்ணியாவில் கலைப் பிரிவில் படிப்பவர்கள் ஏராளம், அதிலும் பெண்பிள்ளைகள். அவர்களுக்குப் ‘பின்தங்கிய மாவட்டம்’ என்ற சலுகை கை கொடுக்காது. கொழும்பிலும் கண்டியிலும் எழுதியவர்களோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டும். தங்கச்சிக்குக் கலைப் பிரிவில் வந்த இசட் புள்ளியை உயிரியல் படித்த நானாவின் புள்ளியோடு ஒப்பிட்டு, “அவனுக்கே கிடைச்சது, ஒனக்கு ஏன் கிடைக்கல்ல” என்று கேட்கும் வீடுகளை எனக்குத் தெரியும். அந்த ஒப்பீட்டுக்கு அடிப்படையே கிடையாது.

இசட் புள்ளி என்பது என்ன என்று கேட்டால் ஆசிரியர்களில் சிலரே தடுமாறுகிறார்கள். பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர். ஓ. தட்டில் முன்வைத்த இந்த முறை 2001இலிருந்து அனுமதிக்குப் பயன்படுகிறது. நீங்கள் எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுப்பது. மூன்று பாடங்களுக்கும் அப்படிச் செய்து சராசரி எடுப்பது. சராசரி 45, நியம விலகல் 18 ஆக இருக்கும் பாடத்தில் 63 எடுத்தால் இசட் புள்ளி சரியாக 1. அடுத்த வருடம் வினாத்தாள் இலகுவாகி, சராசரி 55க்கு ஏறிவிட்டால் அதே 63க்கு 0.44தான் வரும். இரண்டாம் தடவை எழுதும் பிள்ளை தன்னுடைய பழைய புள்ளியை வெல்வது போதாது. அந்த வருடத்துக் கூட்டத்தை வெல்ல வேண்டும். முந்திய வருடத்து வெட்டுப்புள்ளியைச் சுவரில் ஒட்டி வைத்து ‘இதை எடுத்தால் சரி’ என்று இருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். வெட்டுப்புள்ளி ஒரு குறிப்பு மட்டுமே. 2011இல் பழைய பாடத்திட்டத்திலும் புதிய பாடத்திட்டத்திலும் எழுதியவர்களை ஒன்றாகச் சேர்த்து இசட் புள்ளி கணித்ததால் விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், 2012இல் மீண்டும் கணிக்க நேர்ந்தது. அந்தப் பட்டியலில் பெயர் வந்து மறைந்தவர்களும், மறைந்து வந்தவர்களும் இன்றைக்கும் எங்களோடு இருக்கிறார்கள்.

காலக்கணக்கு இன்னும் கொடியது. முன்பெல்லாம் ஓகஸ்டில் பரீட்சை, டிசம்பர் கடைசியில் பெறுபேறு, அடுத்த ஓகஸ்டில் மறு பரீட்சை. நிதானமாக யோசிக்க முடிந்தது. கொரோனாவுக்குப் பிறகு அந்த ஒழுங்கு குலைந்தது. 2021ஆம் ஆண்டுக்குரிய பரீட்சையின் பெறுபேறு 2022 ஓகஸ்ட் 28இல் வந்தது. அடுத்த பரீட்சை 2023 ஜனவரி 23. விரிவுரையாளர்கள் விடைத்தாள் திருத்தாமல் போராடிய வருடத்தில் பெறுபேறு 2023 செப்டெம்பர் 4 வரை இழுபட்டது. மறு பரீட்சை 2024 ஜனவரி 4. சரியாக நான்கு மாதம்! 2023க்குரிய பெறுபேறு 2024 மே 31இல்; அடுத்தது நவம்பர் 25. 2024க்குரியது 2025 ஏப்ரல் 26இல். அடுத்தது நவம்பர் 10. பெறுபேறு வந்த பிறகு புத்தகத்தைத் திறக்கும் பிள்ளைக்கு நான்கு முதல் ஆறரை மாதம்தான் கையில் இருக்கிறது. அதற்குள் இரண்டு வருடப் பாடத்திட்டம்.

போதாக்குறைக்கு வானமும் சும்மா இருப்பதில்லை. 2024 நவம்பரில் மழையும் வெள்ளமும் வந்து பரீட்சை ஒரு வாரம் நின்றது. 2025இல் டித்வா புயல் இடையில் புகுந்து, மிஞ்சிய வினாத்தாள்கள் 2026 ஜனவரிக்குத் தள்ளிப்போயின. கார்த்திகை, மார்கழியில் பரீட்சை வைத்தால் மகாவலியின் கடைமடையில் இருக்கும் எங்கள் பக்கத்துக்கு என்ன நடக்கும் என்பது கொழும்பில் அட்டவணை போடுகிறவர்களுக்கு இனியாவது புரியட்டும்.

ஆகவே உண்மையான முடிவு பெறுபேற்று நாளில் எடுப்பதல்ல. கடைசி வினாத்தாளைக் கொடுத்துவிட்டு வந்த வாரத்தில் தொடங்குவது. பரீட்சைத் திணைக்களம் ஒவ்வொரு பாடத்துக்கும் புள்ளித்திட்டமும் மதிப்பீட்டு அறிக்கையும் வெளியிடுகிறது. எந்த வினாவை எத்தனை சதவீதம் பேர் தொட்டார்கள், எங்கே சறுக்கினார்கள் என்றெல்லாம் அந்த அறிக்கையில் விரிவாக இருக்கிறது. எங்கள் ஊரில் பாஸ்ட் பேப்பர் புத்தகம் இல்லாத வீடு இல்லை. மதிப்பீட்டு அறிக்கையைக் கண்ணால் கண்ட மாணவர் அரிது.

அந்த ஒரு வாரத்தில் செய்யக்கூடிய வேலை எளிது. பௌதிகவியல் பல்தேர்வு வினாக்கள் 50. நேரம் வைத்து மறுபடி செய்து பாருங்கள். பிழைத்த ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து: அறவே தெரியாதது ‘தெ’, தெரிந்தும் அவசரத்தில் விட்டது ‘அ’, நேரம் போதாமல் குருட்டுப் புள்ளடி போட்டது ‘நே’. ஐம்பதில் இருபது பிழைத்து, அதில் பதினைந்து ‘அ’வும் ‘நே’யுமாக இருந்தால் அந்தப் பிள்ளைக்கு இன்னொரு தடவை நிச்சயம் பலன் தரும், தேவைப்படுவது பயிற்சியும் கடிகாரமும். பதினைந்தும் ‘தெ’ என்றால், அதே ஆசிரியரின் ரிவிஷன் வகுப்பில் மறுபடி உட்காருவது பயன் தராது. ரிவிஷன் என்பது தெரிந்ததைத் திருப்பிப் பார்ப்பது. தெரியாததை முதலிலிருந்து சொல்லிக் கொடுப்பவர் வேண்டும், அல்லது பாடத்தையே மாற்ற வேண்டும்.

எங்கள் ஊரில் இந்த இரண்டாவது வகைதான் கூடுதல், அது பிள்ளைகளின் குற்றமும் அல்ல. உயர்தர விஞ்ஞானத்துக்கு ஆசிரியர் வருவதும் இடமாற்றத்தில் போவதுமாக இருக்கும் பாடசாலையில் ஒரு தவணை முழுக்க இரசாயனவியல் நடக்காமல் போவது புதினமல்ல. 2009இல் 396 மீற்றர் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு திருகோணமலை நகரத்து வகுப்புகளுக்குப் போய்வருவது இலகுவானது உண்மை. ஆனால் அந்தப் பாலத்தைப் பெருமையாகச் சொல்லும்போது, 2021 நவம்பர் 23ஐ மறந்துவிட முடியாது. கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் இன்னொரு பாலம் கட்டி முடியாமல் கிடந்தபோது, பாடசாலைக்குப் போன பிள்ளைகளை ஏற்றிய மிதவைப் பாதை கவிழ்ந்து உயிர்கள் போயின. ‘அடுத்த முறை கவனமாகப் படி’ என்று பிள்ளைக்குச் சொல்லும் முன், படிக்கப் போகும் வழியைப் பற்றி யார் யாரிடம் கேட்பது?

இரண்டாம் தடவை எழுதும் பிள்ளை இன்னொன்றையும் சுமக்கிறது. முதல் தடவை அதிபரும் வகுப்பாசிரியரும் படிவங்களைப் பார்த்துக்கொண்டார்கள். தனியார் பரீட்சார்த்தியானதும் இணையத்தில் விண்ணப்பம், கட்டணம், அடையாள அட்டை, அனுமதி அட்டையில் கையொப்பத்தை அத்தாட்சிப்படுத்த கிராம உத்தியோகத்தரையோ சமாதான நீதவானையோ தேடி அலைச்சல். சீருடை இல்லை, மணியடிப்பதில்லை, காலையில் எழுப்பும் கட்டாயமும் இல்லை. வீட்டில் சும்மா இருப்பதாகவே எல்லோருக்கும் தோன்றும். “மகன், கடைக்கு ஒருக்கா போயிட்டு வாங்க”, “வாப்பாட தோணியக் கரையேத்தணும், வாங்க” என்று நாளுக்கு நாலு வேலை. ஆண்பிள்ளைக்கு இப்படி. பெண்பிள்ளைக்குத் தம்பி தங்கச்சியின் சோறு, உடுப்பு, வீடு கூட்டல், இதற்கெல்லாம் மேலே கலியாணப் பேச்சு.

கிழக்கில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுப்பது எழுதாத சட்டம். வாப்பா வெளிநாட்டில் இருந்து அனுப்பும் காசு கல்லாகவும் சீமெந்தாகவும் மாறிக்கொண்டிருக்கும் வீட்டில், இன்னொரு வருட டியூசன் காசு என்பது கூரைக் காசிலிருந்து கழிவது. ஒரு பிள்ளையின் இரண்டாம் தடவையை இசட் புள்ளி தீர்மானிப்பதில்லை, மாப்பிள்ளை வீட்டார் எப்போது வருவார்கள் என்பது தீர்மானிக்கிறது. மாவட்ட நிலையில் பதினைந்தாவதாக வந்த மாணவி நிறுத்தப்படுவதையும், நூற்றைம்பதாவதாக வந்த அவளுடைய நானா மூன்றாம் தடவைக்கும் அனுப்பப்படுவதையும் பக்கத்துப் பக்கத்து வருடங்களில் பார்க்க முடிகிறது. இதில் மார்க்கமும் இல்லை, மரபும் இல்லை. வெறும் பழக்கம்.

பெண்பிள்ளைகளுக்கு மண்டபத்துக்குள்ளும் தனித் தொல்லை உண்டு என்பதை 2024 காட்டியது. திருகோணமலை ஸாஹிரா கல்லூரியின் 70 மாணவிகளின் பெறுபேறுகள், தலைத்துணி காதை மறைத்திருந்தது என்ற காரணத்தால் மே 31இல் நிறுத்தி வைக்கப்பட்டன, பின்னர் வெளியாகின. மற்றவர்கள் இரண்டாம் தடவையா என்று முடிவெடுத்துக்கொண்டிருந்த நாட்களில், முதல் தடவையே என்னவானது என்று தெரியாமல் அவர்கள் இருந்தார்கள்.

பல்கலைக்கழக அனுமதிக்கு இலங்கையில் மூன்று தடவைதான். இந்தியாவில் நீட் தேர்வுக்கு அப்படி வரம்பு இல்லை. தமிழ்நாட்டில் நீதிபதி ஏ. கே. ராஜன் குழு 2021இல் தந்த அறிக்கையின்படி, மருத்துவ இடம் நாடுவோரில் மறுபடி எழுதுபவர்களின் பங்கு நான்கு வருடங்களில் 12 சதவீதத்திலிருந்து 71 சதவீதமாகியது. சீனாவில் மாவோதான்சாங் என்ற சிறு பட்டணம் மறுபடி எழுதும் பிள்ளைகளாலேயே பேர்போனது. காசும் காலமும் உள்ளவர்கள் வரிசையில் நின்றுகொண்டே இருக்க, முதல் தடவை எழுதும் ஏழைப் பிள்ளை பின்னுக்குப் போகிறது. எங்கள் மூன்று என்ற வரம்பைச் சிலர் குறை சொல்கிறார்கள். நான் அதை ஒரு நல்ல சட்டமாகவே பார்க்கிறேன்.

அந்த மூன்றாவது தடவையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் இடையில் மாவட்ட நிலை எண்பதிலிருந்து முப்பதுக்கு வந்திருந்தால் மூன்றாவதற்குப் போகலாம். எண்பது எழுபத்தைந்தானால் வேண்டாம். அப்படியிருந்தும் எழுதுவது முடிவெடுக்காமல் இருப்பதற்கு ஒரு மரியாதையான பெயர், அவ்வளவுதான். இருபத்திரண்டு வயதில் கெம்பஸ் போய், மருத்துவம் என்றால் ஐந்து வருடமும் உள்ளகப் பயிற்சி ஒரு வருடமும் முடித்து வரும்போது வயது இருபத்தெட்டு. அது பெரிய வயதல்ல. ஆனால் அந்தக் காலத்தில் வீட்டை யார் பார்ப்பது என்பதற்கு விடை இருக்க வேண்டும்.

கையில் ஓர் இடம் கிடைத்தவர்களின் நிலை எல்லோரிலும் சிக்கலானது. கோணேசபுரியில் உள்ள திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் கிடைத்திருக்கிறது. மனம் மட்டக்களப்பு மருத்துவ பீடத்தில் இருக்கிறது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் கிடைத்திருக்கிறது, ஆசை மொரட்டுவை. விட்டுவிட்டு மறுபடி எழுதலாமா? ஒரு கல்வியாண்டின் அனுமதி அந்த வருடப் பெறுபேற்றில் மட்டுமே நடக்கிறது. இரண்டாம் தடவை புள்ளி குறைந்தால் பழைய பெறுபேற்றை எடுத்துக்கொண்டு போக முடியாது. பதிவு செய்தவர் மறுபடி விண்ணப்பிப்பதற்கும் கட்டுப்பாடுகள் உண்டு; ஆணைக்குழுவின் கைநூலை எழுத்துக்கு எழுத்து வாசித்துவிட்டே கை வைக்க வேண்டும். அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்ட கதை எங்கள் ஊரில் வருடத்துக்குச் சில நடக்கிறது. கோட்டுக்கு ஒரு மயிரிழையில் தவறியவர்களோ, விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். இடம் கிடைத்தும் வராதவர்களின் வெற்றிடங்களை ஆணைக்குழு பிறகு நிரப்புகிறது. விண்ணப்பித்தவருக்குத்தான் அந்த அழைப்பு வரும். படித்துக்கொண்டே விண்ணப்பியுங்கள்.

எழுதாமல் விடுபவர்களுக்கு வழி அடைபட்டுவிடவில்லை. கல்வியியற் கல்லூரிகள், திருகோணமலையிலேயே உள்ள உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம், தொழிற்பயிற்சிச் சான்றிதழ்கள், திறந்த பல்கலைக்கழகம், வெளிவாரிப் பட்டங்கள், விஞ்ஞானப் பிரிவினருக்குத் தாதியர் பயிற்சி என்று நிறைய உண்டு. இவற்றுக்கும் விண்ணப்ப முடிவுத் திகதி உண்டு. இரண்டாம் தடவைக்குப் படிப்பதாகச் சொல்லிக்கொண்டு இருக்கும் மாதங்களில் அந்தத் திகதிகள் ஒவ்வொன்றாகக் கடந்துபோகின்றன.

கிண்ணியா வலயக் கல்வி அலுவலகத்துக்கும், மத்திய கல்லூரி, அல் அக்ஸா, முஸ்லிம் மகளிர் கல்லூரி முதலான பாடசாலைகளின் அதிபர்களுக்கும், பழைய மாணவர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெறுபேறு வரும் வாரத்தில் முகநூல் வாழ்த்துப் படங்களோடு நிற்க வேண்டாம். ஏழு நாட்கள், ஒரு மண்டபம், சில மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் கைநூல் ஒன்று, முந்திய மூன்று வருடங்களின் திருகோணமலை வெட்டுப்புள்ளிப் பட்டியல் ஒன்று, கெம்பஸில் படிக்கும் எங்கள் பிள்ளை ஒருவர். வெற்றி பெற்றவர்களை மேடைக்கு அழைப்பது பிறகு ஆகட்டும். மூன்று எஸ் எடுத்த பிள்ளையையும் உம்மாவையும் முதலில் அந்த மேசைக்கு அழையுங்கள். தாளின் கீழ்ப்பகுதியை அவர்களோடு உட்கார்ந்து வாசியுங்கள்.